கல்லீரலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி: எந்த வரிசையில் கண்டறிவது

கல்லீரலில் ஒரு கட்டி தெரிகிறது. பயாப்ஸி அறிக்கையில் ‘நியூரோஎண்டோகிரைன்’ என்ற சொல் வருகிறது. ஹார்மோன் சுரக்கும் தன்மையுள்ள செல்களிலிருந்து பிறக்கும் கட்டி என்று பொருள். சிலர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் சிகிச்சைக்கு ஓடுகிறார்கள். வேறு சிலர் ‘கல்லீரலிலேயே பிறந்த அபூர்வக் கட்டி’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். இரண்டிலும் நோயாளிக்குத்தான் நஷ்டம்.

இப்படிப்பட்ட கோப்புகளைப் பல்துறை மருத்துவர் கூட்டத்துக்குத் தயார் செய்யும் வேலை என்னுடையது. புதிதாக வரும் மருத்துவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தாலும், அடுத்த சந்திப்பில் என்ன கேட்க வேண்டும் என்பது தெரியும். சிகிச்சையைப் பற்றி இதில் பேசப் போவதில்லை.

## 1. முதலில் கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

முதல் கேள்வி: இது உண்மையிலேயே நியூரோஎண்டோகிரைன் கட்டிதானா? இரண்டாவது: இது எங்கே பிறந்தது? முதல் கேள்விக்கு நோயியல் ஆய்வகம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு உடல் முழுக்கத் தேடினால்தான் பதில் கிடைக்கும்.

இந்த வகைக் கட்டிகள் பரவும்போது அதிகம் போய்ச் சேரும் இடம் கல்லீரல். சிறுகுடல், கணையம், நுரையீரல், மலக்குடல் போன்ற இடங்களில் பிறந்து, ரத்தத்தோடு வந்து கல்லீரலில் குடியேறுகின்றன. கல்லீரலிலேயே பிறப்பவை மிக மிக அபூர்வம். நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் நூற்றில் ஒன்றுகூட வராது.

அதனால் கல்லீரலில் இதைப் பார்த்தால், வேறெங்கிருந்தோ வந்தது என்று எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். ‘கல்லீரலில் பிறந்தது’ என்பது மற்ற இடங்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு மிஞ்சும் பதில்.

## 2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய ஸ்கேன்களின் படங்கள் வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஐந்து வருடம் முன்பு வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி.யில் அதே கட்டி சிறியதாக இருந்திருக்கலாம். அப்படி இருந்தால், மெதுவாக வளரும் கட்டி என்பது பணம் செலவில்லாமல் தெரிந்துவிடுகிறது.

பயாப்ஸி ஏற்கெனவே வேறு இடத்தில் நடந்திருந்தால், கண்ணாடித் தகடுகளோடு மெழுகுக் கட்டையையும் வாங்குங்கள். மறுபடி நிறமேற்றக் கட்டை இருந்தால்தான் முடியும். பலர் தகடுகளை மட்டும் வாங்கிவந்துவிட்டுத் திரும்ப அலைகிறார்கள்.

அப்புறம், முழு மருந்துப் பட்டியல். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் மாத்திரையை ‘மருந்து’ என்று நோயாளிகள் சொல்வதே இல்லை. ஓமிபிரசோல், பான்டோபிரசோல் என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். காரணம் 5-ஆம் பகுதியில் வருகிறது.

முன்பு நடந்த அறுவைகளும் முக்கியம். குடல்வால், சூலகக் கட்டி, நுரையீரலில் ‘சாதாரணக் கட்டி’ என்று எடுத்தது எதுவானாலும் அதன் நோயியல் அறிக்கையைத் தேடிப் பிடியுங்கள். பல வருடம் முன்பு எடுத்த நுரையீரல் கார்சினாய்டு (மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டியின் பழைய பெயர்) இப்போது கல்லீரலில் தலைகாட்டுவது உண்டு. அந்த ஒரு தாள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

## 3. நோயாளியிடம் கேட்க வேண்டியவை

பொதுவாக ‘என்ன தொந்தரவு’ என்று கேட்டால் ஒன்றும் வராது. பலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தெரிந்திருக்கும். ஆனால் குறிப்பிட்டுக் கேட்டால் சிலர் சொல்வார்கள்.

முகமும் கழுத்தும் திடீரென்று சிவந்து சூடாவது உண்டா? அப்போது வியர்க்கிறதா? மாதவிடாய் நிற்கும் காலத்தின் சூட்டில் பொதுவாக வியர்வை இருக்கும். கார்சினாய்டு சிவப்பு பெரும்பாலும் வியர்வை இல்லாதது. வயிற்றுப்போக்கு பட்டினி கிடந்தாலும், இரவிலும் நிற்காமல் போகிறதா? மூச்சில் வீசிங் உண்டா?

சிறுகுடலில் பிறந்த கட்டி செரட்டோனினைச் சுரந்தாலும், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தத்தோடு வரும் அதைக் கல்லீரல் உடைத்துவிடுகிறது. கட்டி கல்லீரலுக்குள்ளேயே வந்துவிட்டால், சுரப்பது நேராகக் கல்லீரல் சிரை வழியே இதயத்துக்குப் போகிறது. அதனால்தான் இந்த அறிகுறிகள் பெரும்பாலும் கல்லீரலுக்குப் பரவிய பிறகே தெரிகின்றன. வலப்பக்க இதய வால்வுகள் தடித்துப்போவதும் இதே வழியில்தான். இந்த அறிகுறிகள் இருந்தால் எக்கோ எடுக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வேறு ஹார்மோன்களையும் விட்டுவிடக் கூடாது. சாப்பிடாமல் இருந்தால் தலைசுற்றி, சர்க்கரை தாழ்ந்து, இனிப்புச் சாப்பிட்டதும் தெளிகிறதா? அது இன்சுலின். திரும்பத் திரும்ப இரைப்பைப் புண்ணும் வயிற்றுப்போக்கும் வருகின்றனவா? அது இரைப்பை அமிலத்தைத் தூண்டும் காஸ்ட்ரின்.

ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, தலைவலியும் படபடப்பும் வியர்வையும் சேர்ந்து வருகின்றனவா? அப்படியென்றால் பயாப்ஸி ஊசி போடுவதற்கு முன் மெட்டானெஃப்ரின் (அட்ரினலின் வகை ஹார்மோன்கள் உடைந்து வருவது) பரிசோதனை கட்டாயம். அந்த ஹார்மோன்களைச் சுரக்கக்கூடிய நரம்புமுடிச்சுக் கட்டியான பாராகாங்லியோமா கல்லீரலுக்குப் பரவினால் நுண்ணோக்கியில் பார்க்க இதே மாதிரி இருக்கும். தெரியாமல் ஊசி குத்தினால் ரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் போகலாம்.

குடும்பத்தில் யாருக்காவது பாராதைராய்டு, பிட்யூட்டரி, கணையக் கட்டி இருந்ததா என்பதை கடைசியில் கேளுங்கள். ஆம் என்றால் மென்-1 என்ற மரபுக் கோளாறு மனதில் இருக்கட்டும்.

## 4. கல்லீரல் படம்: தமனிக் கட்டம் இல்லாத சி.டி.யை ஏற்காதீர்கள்

இந்தக் கட்டிகளுக்குத் தமனி ரத்தம் நிறையப் பாயும். சாயம் ஏற்றிய 35 விநாடி வாக்கில், அதாவது பிந்தைய தமனிக் கட்டத்தில், அவை பளிச்சென்று தெரியும். 70 விநாடி வாக்கில் வரும் போர்ட்டல் கட்டத்தில் சுற்றியுள்ள கல்லீரலும் அதே அளவுக்கு ஒளிர்வதால் கட்டி கரைந்துபோனதுபோல் இருக்கும். ‘வயிற்று சி.டி., சாயத்துடன்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் பல இடங்களில் போர்ட்டல் கட்டம் மட்டும்தான் எடுப்பார்கள். ‘மூன்று கட்டங்கள்’ என்று எழுதி அனுப்புங்கள்.

கல்லீரலில் எத்தனை கட்டிகள் என்று எண்ண எம்.ஆர்.ஐ. மேலானது. திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் வரிசையும், கல்லீரல் செல்களுக்குள் போகும் சாயத்தோடு 20 நிமிடம் கழித்து எடுக்கும் கட்டமும் சேர்ந்திருந்தால் சிறிய புள்ளிகள்கூட விழும். ஒரே கட்டி என்று நினைத்தது, எம்.ஆர்.ஐ.யில் ஏழெட்டாக மாறியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படத்தில் ஏமாற்றுபவை மூன்று.

முதலாவது கல்லீரல் செல் புற்று. அதுவும் தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்து பிறகு மங்கும். சிரோசிஸ் உள்ளவரிடம் அந்தத் தோற்றத்தை வைத்தே, பயாப்ஸி இல்லாமல் புற்று என்று முடிவு செய்யலாம். சிரோசிஸோ நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யோ இல்லாதவருக்கு அந்த விதி பொருந்தாது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: கல்லீரல் நன்றாக இருக்கிறது, ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுக்கான ரத்தக் குறியீடு) இயல்பாக இருக்கிறது, ஆனாலும் ‘ஒளிர்ந்து மங்கியது’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கல்லீரல் புற்று என்று எழுதிவிடுகிறார்கள். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் நியூரோஎண்டோகிரைன் கட்டியை நினைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது ஹீமாஞ்சியோமா என்னும் ரத்தநாளக் கட்டி. எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் இரண்டுமே மிகப் பிரகாசமாக இருக்கலாம். ஹீமாஞ்சியோமா ஓரத்தில் விட்டுவிட்டு முடிச்சு முடிச்சாகத் தொடங்கி, உள்நோக்கி மெதுவாக நிரம்பும். அந்த நிரம்பல் படத்தில் தெரியாமல் ஹீமாஞ்சியோமா என்று எழுதக் கூடாது.

மூன்றாவது நீர்க்கட்டி. சில நியூரோஎண்டோகிரைன் கட்டிகளின் நடுப்பகுதி நீராகிவிடும். நாடாப்புழுத் தொற்றால் வரும் ஹைடாடிட் நீர்க்கட்டிபோலத் தெரியும். தலைகீழாகவும் நடக்கும். ஹைடாடிட் சந்தேகம் துளியும் இருந்தால், ஊசிக்கு முன் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதைக் குத்தினால் கடுமையான ஒவ்வாமை வரலாம்.

## 5. ரத்தமும் சிறுநீரும்: உதவும், தீர்ப்புச் சொல்லாது

நியூரோஎண்டோகிரைன் செல்கள் ரத்தத்தில் விடும் குரோமோகிரானின் ஏ என்ற புரதம் கூடியிருந்தால் இந்த நோய் என்று பொருளில்லை. இயல்பாக இருந்தால் நோய் இல்லை என்றும் பொருளில்லை. அமிலத்தைக் குறைக்கும் ஓமிபிரசோல் வகை மாத்திரைகள் காஸ்ட்ரினை ஏற்றி, இரைப்பையின் நியூரோஎண்டோகிரைன் செல்களைத் தூண்டி, இந்த எண்ணைப் பல மடங்கு உயர்த்திவிடும். சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, இரைப்பைச் சவ்வு மெலிந்துபோகும் அழற்சி ஆகியவையும் உயர்த்தும். கல்லீரல் செல் புற்றிலேகூட உயரலாம்.

மாத்திரையைக் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுப்பது வழக்கம். ஒரே ஒரு விலக்கு: காஸ்ட்ரின் கட்டி என்ற சந்தேகம் இருப்பவருக்கு அதைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இரைப்பைப் புண் ரத்தம் கசியவோ, ஓட்டை விழவோ வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு அந்த எண் இல்லாமலேயே மேலே போகலாம்.

முகம் சிவத்தல், வயிற்றுப்போக்கு இருந்தால் 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. (செரட்டோனின் உடைந்து வருவது) பாருங்கள். அதற்கு மூன்று நாள் முன்பிருந்து வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், அவகாடோ, வால்நட் வேண்டாம். இவற்றில் செரட்டோனின் இருப்பதால் பொய்யாக உயரும். ஆய்வகம் கொடுக்கும் கலத்தில்தான் சேர்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கீழே விட்டுவிட்டு, அப்போதிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை சேர்க்கச் சொல்லுங்கள். இதை விளக்காமல் கலத்தை மட்டும் கொடுத்தனுப்பினால் பாதிப்பேர் தப்பாகச் சேர்ப்பார்கள்.

இன்னொன்று, இந்த முடிவுகளுக்காகக் காத்திருந்து பயாப்ஸியைத் தள்ளிப் போடாதீர்கள். சுரக்கும் கட்டியா என்பது மட்டும் ஊசிக்கு முன் தெரிந்தாக வேண்டும்.

## 6. பயாப்ஸி: மெல்லிய ஊசி போதாது

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் செல்களை வைத்து ‘நியூரோஎண்டோகிரைன் போல இருக்கிறது’ என்று சொல்லலாம். தரம், அதாவது எவ்வளவு வேகமாக வளரும் என்பதைச் சொல்ல முடியாது. நிறமேற்றல்கள் பத்துப் பன்னிரண்டு தேவைப்படும்; அதற்குத் திசு வேண்டும். அதனால் 18 அல்லது 16 கேஜ் கோர் ஊசி, குறைந்தது இரண்டு மூன்று துண்டுகள்.

ஊசி போடுவதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள்: ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., தட்டணுக்கள், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள். இந்தக் கட்டிகளில் ரத்த ஓட்டம் அதிகம். மேற்பரப்பில் இருக்கும் கட்டியை நேராகக் குத்தாமல், நடுவே கொஞ்சம் நல்ல கல்லீரல் இருக்கும்படி ஊசியைச் செலுத்தினால் ரத்தக்கசிவை அந்தத் திசுவே அழுத்தி நிறுத்தும்.

கார்சினாய்டு அறிகுறிகள் உள்ளவருக்கு ஊசி குத்துவதே ஒரு தூண்டுதல். கட்டியிலிருந்து ஹார்மோன்கள் மொத்தமாகக் கொட்டி, ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு இறுகும் நெருக்கடி வரலாம். மயக்கவியல் குழுவிடம் முன்னாலேயே சொல்லி, ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைட் மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எதைக் குத்துவது? பெரிய கட்டியின் நடுப்பகுதி பல சமயம் செத்த திசு. உயிருள்ள ஓரத்தைக் குறிவையுங்கள். பல கட்டிகள் இருந்து, ஒன்று மட்டும் வேகமாக வளர்ந்திருந்தாலோ சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் செல்களைக் காட்டும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனில் தனித்து ஒளிர்ந்தாலோ, அதையே எடுக்க வேண்டும். ஒரே ஆளின் கல்லீரலில் இருக்கும் கட்டிகள் எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சாதுவானதைக் குத்திவிட்டு நிம்மதி அடைந்தால் சிகிச்சையே தவறிவிடும்.

துண்டுகள் வெளியே வந்ததும் ஃபார்மலினில் போடுங்கள், உலர விடாதீர்கள். விண்ணப்பத் தாளில் ‘கல்லீரல் கட்டி’ என்று இரண்டு சொல் எழுதாமல், படத்தில் எப்படித் தெரிந்தது, எத்தனை கட்டிகள், சிரோசிஸ் உண்டா, அறிகுறிகள் என்ன, உங்கள் சந்தேகம் என்ன என்று எழுதுங்கள். நியூரோஎண்டோகிரைன் சந்தேகம் என்ற ஒரு வரியைப் பார்த்தால், நோயியல் மருத்துவர் தொடக்கத்திலேயே நிறமேற்றாத சீவல்களையும் சேர்த்து வெட்டிவைக்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கட்டையைத் திரும்ப மாட்டி வெட்டும்போது திசு வீணாகிறது. அந்த ஒரு வரி எழுதாததால் இரண்டாவது பயாப்ஸிக்குப் போன நோயாளிகளை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

## 7. நிறமேற்றல்: இரண்டு சுற்று

சாதாரண நிறமேற்றலில் செல்கள் கூடுகளாக, வரிசைகளாக, ரிப்பன்களாக இருக்கும். உட்கருவில் உப்பும் மிளகும் தூவியதுபோன்ற புள்ளிகள். இதைப் பார்த்ததும் சந்தேகம் வரும். உறுதி செய்வது அடுத்தது.

இனி வரும் பெயர்கள் எல்லாம், நிறமேற்றித் திசுவில் தேடும் புரதங்கள். முதல் சுற்று, முதல் கேள்விக்கு. கெராட்டின், சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் ஏ, முடிந்தால் ஐ.என்.எஸ்.எம்.1. கூடவே கல்லீரல் செல்லுக்கான ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1.

சி.டி.56 மட்டும் நிறமேறியிருந்தால் அதை வைத்து முடிவு செய்யவே கூடாது. பித்தநாளச் செல்கள் உட்பட வேறு பலவற்றிலும் அது ஏறும். சினாப்டோஃபைசின் அங்கங்கே திட்டாக மட்டும் ஏறியிருந்தாலும் நிதானம் வேண்டும். கல்லீரல் செல் புற்றிலும் பித்தநாளப் புற்றிலும் அப்படி வரும்.

இன்னொரு பொறி: கட்டியின் ஓரத்தில் சிக்கிய இயல்பான கல்லீரல் செல்களில் ஹெப்பார்-1 அடர்த்தியாக ஏறும். அதைக் கட்டியின் நிறம் என்று எண்ணிக் ‘கல்லீரல் புற்று’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். நிறம் ஏறியது எந்தச் செல் என்று சாதாரணத் தகட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கெராட்டின் ஏறவே இல்லையா? அப்படியானால் பாராகாங்லியோமாவை நினையுங்கள். காட்டா3, எஸ்-100 போடுங்கள். இளம்பெண்ணின் கல்லீரலில் பெரிய ஒற்றைக் கட்டி, நியூரோஎண்டோகிரைன்போல் அடுக்கு, ஆனால் குரோமோகிரானின் சரியாக ஏறவில்லை என்றால் இன்ஹிபின் போட்டுப் பாருங்கள். பித்தநாளப் புற்றில் அபூர்வமான ஒரு வகை இப்படி வேடம் போடும். அதில் இன்ஹிபின் ஏறும்.

இரண்டாம் சுற்று, பிறந்த இடத்துக்கு. சி.டி.எக்ஸ்.2 பலமாகவும் பரவலாகவும் ஏறினால் சிறுகுடல் பக்கம் தேடுங்கள். டி.டி.எஃப்.1 அல்லது ஓ.டி.பி. என்றால் நுரையீரல். ஐ.எஸ்.எல்.1, பேக்ஸ்6 என்றால் கணையம்; ஆனால் டியோடினத்திலும் (சிறுகுடலின் தொடக்கம்) மலக்குடலிலும் வரலாம். எஸ்.ஏ.டி.பி.2 என்றால் மலக்குடல், குடல்வால். டி.டி.எஃப்.1 ஏறி, கால்சிடோனினும் ஏறினால் தைராய்டைப் பாருங்கள்.

இவை எந்தத் திசையில் போவது என்று காட்டும் கைகாட்டி மரங்கள்தான். அதோடு, செல்கள் ஒழுங்கு குலையாத கட்டிகளில் மட்டுமே இவற்றை நம்பலாம். ஒழுங்கு குலைந்த நியூரோஎண்டோகிரைன் புற்றில் டி.டி.எஃப்.1 எங்கிருந்து வந்ததிலும் ஏறலாம். கல்லீரலில் பிறந்தது என்று காட்டும் நிறமேற்றல் என்று ஒன்று கிடையாது. ஆகவே, ‘எல்லா நிறமும் ஏறவில்லை, அதனால் கல்லீரலில் பிறந்தது’ என்ற வாதம் நிற்காது.

## 8. தரம்: எண்ணுங்கள், கண்ணால் மதிப்பிடாதீர்கள்

உலக சுகாதார அமைப்பின் 2019 வகைப்பாட்டில், செல்கள் ஒழுங்கு குலையாத கட்டிகளுக்கு மூன்று தரம். பிரிந்து பெருகும் செல்கள் நூற்றுக்கு எத்தனை என்று காட்டும் கி-67 அளவு 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ஜி1. 3 முதல் 20 வரை ஜி2. 20-க்கு மேல் ஜி3. செல் பிரிவு எண்ணிக்கையும் உண்டு: 2 சதுர மி.மீ.க்கு இரண்டுக்குக் கீழ், 2 முதல் 20, 20-க்கு மேல். இரண்டில் எது உயர்ந்த தரமோ அதுவே தரம். ஊசித் துண்டில் செல் பிரிவை முறையாக எண்ணப் போதிய பரப்பு கிடைக்காது. அதனால் நடைமுறையில் கி-67தான் கைகொடுக்கும்.

அதிகம் ஏறியிருக்கும் இடத்தைத் தேர்ந்து, குறைந்தது 500 செல்களை எண்ண வேண்டும். படம் எடுத்துத் தாளில் அச்சிட்டு, பேனாவால் புள்ளி வைத்து எண்ணுவது நல்ல முறை. சும்மா பார்த்து ‘ஒரு 5 சதவீதம்’ என்று எழுதுவதில் 3, 20 என்ற எல்லைகளின் பக்கத்தில் தரமே மாறிவிடும். நடுவே இருக்கும் லிம்ஃபோசைட்டுகளிலும் கி-67 ஏறும். அவற்றைச் சேர்த்து எண்ணினால் சாதுவான கட்டி ஜி2 ஆகிவிடும்.

20-க்கு மேல் வந்தால் அங்கே நில்லுங்கள். ஒழுங்கு குலையாத ஜி3 கட்டியும், ஒழுங்கு குலைந்த நியூரோஎண்டோகிரைன் புற்றும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதங்களில் ஆர்.பி. இழந்திருந்தாலோ பி53 இயல்பு மாறியிருந்தாலோ பெரும்பாலும் புற்று. எஸ்.எஸ்.டி.ஆர்.2 (சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனின் ஏற்பி) ஏறினால் கட்டியின் பக்கம் சாயும். கி-67 அளவு 55-க்கு மேல் என்றால் பெரும்பாலும் புற்றுதான்.

புற்று என்று உறுதியானால் கீழே சொல்லும் நீண்ட தேடல் வேண்டாம். மார்பு சி.டி.யும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனும் எடுத்துவிட்டு உடனே புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்புங்கள். அது வாரக்கணக்கில் காத்திருக்காது.

## 9. பிறந்த இடத்தைத் தேடுவது

ஏற்கெனவே எடுத்த சி.டி.யைத் திரும்பப் பாருங்கள். கல்லீரலைக் கண்டதும் எல்லாக் கண்களும் அங்கேயே நின்றுவிடுகின்றன. குடல்தாங்கிச் சவ்வில், சுற்றிலும் கோடுகள் இழுத்துக்கொண்டு, நட்சத்திரம்போல ஒரு முடிச்சு, அதில் சுண்ணாம்புப் படிவு இருந்தால் பிறந்த இடம் பெரும்பாலும் பக்கத்துச் சிறுகுடல்தான். குடலில் இருக்கும் முதல் கட்டி ஒரு செ.மீ.கூட இல்லாமல் இருக்கலாம். முடிச்சுதான் பெரிதாகத் தெரியும். கதிரியக்க மருத்துவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘குடல்தாங்கி, கணையம், கடைச் சிறுகுடல்’ என்று மூன்று இடத்தையும் பெயர் சொல்லிப் பார்க்கக் கேளுங்கள்.

அடுத்து, இந்தக் கட்டிகளின் செல்களில் நிறைய இருக்கும் ஏற்பியைத் தேடிக் காட்டும் சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பி பெட் ஸ்கேன். காலியம்-68 டோட்டாடேட், டோட்டாடாக், டோட்டாநாக் மூன்றில் எதுவானாலும் சரி. உடல் முழுவதையும் ஒரே முறையில் காட்டுவதால் எண்டோஸ்கோப்பிக்கு முன் இதை எடுப்பது நல்லது. எங்கே உற்றுப் பார்ப்பது என்று தெரியும். நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்ட்ரியோடைட் ஊசி போட்டிருந்தால், அடுத்த ஊசிக்குச் சற்று முன் ஸ்கேனை வைப்பது வழக்கம்.

இதைப் படிக்கும்போது இரண்டு விஷயம். கணையத் தலையின் அன்சினேட் பகுதி இயல்பாகவே ஒளிரும். அதைப் பார்த்துக் ‘கணையத்தில் பிறந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். கணையத்துக்குள் ஒளிந்திருக்கும் துணை மண்ணீரலும் அப்படித்தான். சி.டி.யிலோ எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டிலோ அதே இடத்தில் கட்டி தெரிந்தால் மட்டுமே ஏற்க வேண்டும். கட்டிகள் இந்த ஸ்கேனில் ஒளிராமல் எஃப்.டி.ஜி.யில் மட்டும் ஒளிர்ந்தால், பயாப்ஸியில் வந்த தரத்தை மறுபடி சந்தேகப்படுங்கள்.

மேலும் கீழும் எண்டோஸ்கோப்பி. மேலே இரைப்பை, டியோடினம். கீழே கொலோனோஸ்கோப்பி. ‘கடைச் சிறுகுடலுக்குள் நுழைந்து பார்க்கவும்’ என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தைத் தொட்டதும் திரும்பிவிடுவது உண்டு. சிறுகுடல் கட்டிகள் அதிகம் இருப்பதோ அதற்கு அப்பால். மலக்குடலில் இருப்பவை சவ்வுக்கு அடியில் மஞ்சள் நிறச் சிறு முடிச்சாக இருக்கும். அவசரமாக வெளியே இழுக்கும்போது தப்பிவிடும்.

கணையத்துக்கு எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட். சி.டி.க்குத் தப்பும் சிறிய கட்டிகளை இது பிடிக்கும். நிறமேற்றல் கணையத்தைக் காட்டியிருந்தால் தவிர்க்கவே கூடாது.

மார்பு சி.டி. சிறிய மூச்சுக்குழாய்க் கட்டிகள் எக்ஸ்ரேயில் தெரியாது. சூலகம், விந்தகம், தைராய்டு ஆகியவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சிறுகுடல் மேல் சந்தேகம் மிஞ்சினால் கேப்சூல் எண்டோஸ்கோப்பி அல்லது பலூன் என்டரோஸ்கோப்பி. குடல் குறுகியிருக்கும் அறிகுறி இருந்தால் கேப்சூல் கொடுக்காதீர்கள், உள்ளே சிக்கிக்கொள்ளும்.

கல்லீரல் அறுவை எப்படியும் நடக்கப் போகிறது என்றால், சிறுகுடல் முழுவதையும் விரல்களுக்கிடையே விட்டுத் தடவிப் பார்க்கும்படி அறுவை மருத்துவரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். எந்த ஸ்கேனும் காட்டாத பட்டாணி அளவுக் கட்டி விரலுக்குச் சிக்கும். லேப்ராஸ்கோப்பியில் தொட்டுணர வழியில்லை. சிறு கீறல் வழியாகக் குடலை வெளியே எடுத்துத் தடவலாம்.

## 10. அறிக்கையில் என்ன எழுதுவது

தேடல் முடியும்வரை எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘கல்லீரலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, தரம் இது, கி-67 இவ்வளவு, பிறந்த இடம் இன்னும் தெரியவில்லை.’ இந்தக் கடைசிச் சொற்களை எழுதக் கூச்சப்படுகிறார்கள். அவை இருந்தால்தான் அடுத்த மருத்துவர் தேடலைத் தொடர்வார்.

‘கல்லீரலில் பிறந்தது’ என்று எழுத, ஏற்பி பெட் ஸ்கேனில் கல்லீரலுக்கு வெளியே எதுவும் இல்லை, இரு எண்டோஸ்கோப்பிகளும் மார்பு சி.டி.யும் கணையப் பரிசோதனையும் சுத்தம், பழைய அறுவைகளில் ஒன்றும் இல்லை, அறுவை நடந்திருந்தால் தடவியும் கிடைக்கவில்லை என்ற நிலை வேண்டும். ஒற்றைப் பெரிய கட்டியாகவோ, ஒரு பெரியதும் அதைச் சுற்றிச் சில குட்டிகளுமாகவோ இருப்பது இதற்குச் சாதகம். இரண்டு மடல்களிலும் சிதறிக் கிடந்தால் நான் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டேன்.

அப்போதுகூட ‘இன்றைய தேடலின்படி’ என்று சேர்த்து, தேதியும் போடுங்கள். சிறுகுடலில் இருந்த முதல் கட்டி சில வருடம் கழித்து வெளியே வருவது உண்டு.

அதனால் முதல் ஓரிரு வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டு, பல வருடங்களுக்குப் படம் எடுக்க வேண்டும். முதலில் எம்.ஆர்.ஐ. என்றால் பிறகும் எம்.ஆர்.ஐ.; முறையை மாற்றினால் அளவுகளை ஒப்பிட முடியாது. ஒவ்வொரு முறையும் கல்லீரலோடு குடல்தாங்கியையும் கணையத்தையும் பற்றி ஒரு வரி அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். புதிய கட்டி ஒன்று முளைத்தால் பழைய தரத்தையே வைத்து ஓட்டாமல் மறுபடி பயாப்ஸி எடுங்கள். படங்கள் பதிந்த குறுந்தகடும் மெழுகுக் கட்டையின் எண்ணும் நோயாளியின் வீட்டிலேயே ஒரு உறையில் இருக்கட்டும்.